களாச்செடிக்கு பாஸ்போர்ட் இல்லை!

‘‘அண்ணே, மொட்டை மாடியில புளூபெர்ரி வளர்க்கலாமா? ஆன்லைன்ல குட்டைச் செடி போட்டிருக்கான். தொட்டியிலயே காய்க்குமாம்!’’

ரெண்டு மூணு வருஷமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் பார்க்கிறவர் கேட்டார். பந்தல்குடியிலிருந்து ஒரு டீச்சரம்மா போன் போட்டுக் கேட்டார். திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய போட்டோவைக் காட்டி, ‘‘இது என்ன பழம்யா, நாவப்பழத்துக்குத் தம்பி மாதிரி இருக்கு?’’ என்றார். எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்.

‘‘தாராளமா வாங்கலாம். வளராது!’’

போட்டோவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் உயரத்துக்குப் பந்து மாதிரி ஒரு புதர். வெள்ளை வெள்ளையாக மணி போலப் பூ. அப்புறம் கொத்துக் கொத்தாக நீலப் பழம், மேலே திருநீறு பூசினாற்போல ஒரு வெண்பொடி. குளிர் வரும் முன்னால் இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. வாசலில் வைத்தால் அலங்காரச் செடி, பறித்துத் தின்றால் பழச்செடி. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்ட ‘நார்த்ஸ்கை’, மிச்சிகன்காரர்கள் உருவாக்கிய ‘டாப் ஹேட்’ எல்லாம் இந்தக் குள்ள ஜாதி. பனி கொட்டுகிற ஊரில், குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்து காய்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை.

தூங்கி எழுந்து! அங்கேதான் வில்லங்கமே. 7 டிகிரிக்குக் கீழே எண்ணூறு, ஆயிரம் மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் இந்தக் குள்ளர்களுக்கு ஒழுங்காக மொட்டு விடும். நம் ஊரில் மார்கழி விடியக்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, ‘என்னா குளிருய்யா’ என்று டீக்கடையில் நிற்கிறோமே, அப்போது 20 டிகிரி சுமார். ‘‘ஏ.சி. ரூம்ல வச்சுக்கிட்டா?’’ என்றார் நூல் வியாபாரி. ஏ.சி.யே 16-க்குக் கீழே இறங்காது அண்ணாச்சி!

‘குளிர் அதிகம் கேட்காத ரகமும் இருக்கே’ என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். இருக்கிறது. ஃபுளோரிடாவில் உருவாக்கினார்கள். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பசுமைக்குடில் போட்டு அந்த மாதிரி ரகங்களை வளர்க்கிறவர்கள் உண்டு. சரி, குளிரை விடுங்கள். மண்ணுக்கு என்ன செய்வீர்கள்?

புளூபெர்ரி, அமில மண்ணின் பிள்ளை. மண்ணின் புளிப்பை பி.ஹெச். என்ற எண்ணால் அளப்பார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். புளூபெர்ரி கேட்பது நாலரையிலிருந்து ஐந்தரை வரை. நம் கரிசல் 8-ஐ ஒட்டியும் தாண்டியும் நிற்கும். மூன்றுதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு! பந்தல்குடியில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். சுண்ணாம்பைக் கண்டால் செத்துப்போகிற செடியை, சுண்ணாம்புக் குவாரி இருக்கிற ஊருக்கு பார்சலில் வரவழைக்கிறோம்.

‘‘தொட்டியில வேற மண்ணு போட்டுக்கிறோம்.’’ போடுங்கள். குளிர் நாட்டுச் சதுப்பில் வெட்டியெடுத்த பாசி மண் மூட்டையில் வரும், விலை கொடுத்து வாங்குங்கள். கந்தகப் பொடி கலந்து புளிக்க வையுங்கள். பிறகு எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள்? போர்த் தண்ணீரைத்தானே? அந்தத் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினாலும் போகாமல் இருக்கிறதே, அதேதான் தொட்டி மண்ணிலும் படியும். நாலு மாதத்தில் மண் பழையபடி காரத்துக்குத் திரும்பிவிடும். புளூபெர்ரியின் வேரில் மற்ற செடிகளுக்கு இருக்கிற வேர்த்தூவிகூடக் கிடையாது. ஒருவகைப் பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொண்டுதான் சாப்பிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை எடுக்க விடாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளடிக்கும். நிலக்கடலை போட்ட சம்சாரிகளுக்கு இந்த வியாதி தெரியும். அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். கடலை பிழைத்துக்கொள்ளும். மாடியில், சித்திரை வெயிலில், சிமென்ட் தரைச் சூட்டில் நிற்கிற அமெரிக்கக் குள்ளன் எத்தனை நாள் தாங்குவான்?

இங்கே ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ‘பெரு நாட்டில் பாலைவனத்திலேயே விளைவிக்கிறானே!’ உண்மை. 2010-க்கு முன்னால் புளூபெர்ரி ஏற்றுமதியில் பெயர் சொல்லும்படி இல்லாத பெரு, பத்தே வருஷத்தில் உலகத்திலேயே முன்னணிக்கு வந்துவிட்டது. ஆனால், அது பசிபிக் கடலின் குளிர்ந்த நீரோட்டம் தாலாட்டுகிற கடற்கரைப் பாலை. வெறும் மணல். ஆண்டிஸ் மலையிலிருந்து கால்வாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து, அதில் அமிலம் கலந்து, சொட்டுச் சொட்டாக விடுகிற பெரும்பணக் கம்பெனி விவசாயம். திருச்சுழி சம்சாரி குண்டாற்றில் எப்போ தண்ணி வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ரெண்டும் ‘வறண்ட பூமி’தான், போங்கள்!

வளராது என்று சொல்வதற்கு மட்டும் நான் உட்கார்ந்து எழுதவில்லை. அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்.

இந்த புளூபெர்ரி ஒரு நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் என்னவாக இருந்தது தெரியுமா? காட்டுப் புதர். அங்கே பூர்வகுடிகள் காலம் காலமாகப் பறித்துத் தின்றதும் காயவைத்துச் சேர்த்ததும் உண்டு. தோட்டத்தில் வைக்கிற பயிர் என்று யாரும் நினைக்கவில்லை. வைத்துப் பார்த்தவர்களுக்கும் பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை என்று அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் ஆராய்ந்து, ‘இதற்குப் புளித்த மண் வேண்டும்’ என்று 1910-ல் அறிக்கை போட்டார். அதைப் படித்தவர் நியூஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்கிற பெண். அப்பாவுக்கு கிரான்பெர்ரி தோட்டம். ‘எங்கள் நிலத்தைத் தருகிறேன், வந்து சோதனை செய்யுங்கள்’ என்று 1911-ல் கோவிலுக்குக் கடிதம் எழுதினார்.

அவர்கள் இருந்த பகுதிக்குப் பெயரே ‘பைன் பாரன்ஸ்’. பைன் மரப் பாழ்நிலம்! நம் தாசில்தார் ஆபீஸ் பாஷையில் சொன்னால், தீர்வை ஏற்படாத தரிசு.

அந்தப் பாழ்நிலத்து ஏழை ஜனங்களுக்கு எந்தப் புதரில் பழம் பெரிசு என்று அத்துப்படி. எலிசபெத் என்ன செய்தார்? ஓட்டை போட்ட ஒரு தகட்டை அவர்கள் கையில் கொடுத்தார். சுமார் 16 மில்லிமீட்டர் ஓட்டை. ‘இதில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் எந்தப் புதரில் இருக்கிறதோ, அதைக் காட்டுங்கள், பணம் தருகிறேன்’ என்றார். புதருக்குக் காசு. கூட வந்து வழி காட்டின நேரத்துக்கும் தனியாகக் கூலி. நூறு புதருக்கு மேல் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அதைக் கண்டுபிடித்தவர் பெயரையே வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதருக்குப் பெயர் வைப்பதில் மட்டும் சின்னச் சிக்கல். ‘ரூப்’ என்றால் அவர்கள் பேச்சில் பட்டிக்காட்டான், ‘லீக்’ என்றால் ஒருவகை வெங்காயம்! ரெண்டையும் ஒட்டி ‘ரூபெல்’ ஆக்கினார். அந்த ரூபெல் இன்றைக்கும் பயிரில் இருக்கிறது. 1916-ல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. இன்றைக்கு நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கைப்பிடியளவு டப்பாவை இருநூறு, முந்நூறுக்கு வாங்குகிறோமே, அந்த வியாபாரத்தின் வேர், காட்டுப் புதரைக் காட்டிக் கொடுத்த அந்த ஏழைகள்தான்.

இப்போது நம் தரிசுக்கு வாருங்கள்.

செவக்காட்டு ஓரம், ஓடைக்கரை, கோயில் காடு... இடுப்பளவில் ஒரு புதர் நிற்கும். பளபளவென்று பச்சை இலை. மல்லிகைக்குப் பங்காளி மாதிரி ஐந்து இதழில் வெள்ளைப் பூ, வாசமும் உண்டு. காய் முதலில் பச்சை, அப்புறம் ரோஸ், அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஊதா. ஒரே கொத்தில் எல்லா நிறமும் நிற்கும். களா! சில ஊரில் கிளா. எட்டு மாசம் வானம் பொய்த்தாலும் சாகாது. ஆடு கடித்தாலும் தழைக்கும். பழத்துக்கு அந்தக் கறுநீலத்தைக் கொடுக்கிற நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளூபெர்ரி டப்பாவில் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அதே வகையறாதான் களாவிலும் இருக்கிறது, நாவலிலும் இருக்கிறது. களாவுக்கு டப்பா இல்லை, அவ்வளவே.

பள்ளிக்கூட வாசலில் சாக்கை விரித்து ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். இலந்தைப்பழம் ஒரு கூறு, களாக்காய் ஒரு கூறு, காலத்தில் நாவல். ‘‘ஏய்யா, உப்பும் மொளகாப்பொடியும் தொட்டுத் தாரேன், வாங்கித் தின்னுட்டுப் போ’’ என்று கூப்பிடுவாள். இன்று பத்து ரூபாய்க்குக் கை நிறையத் தருகிறாள். அவளிடம், ‘‘சுத்தமா இருக்குமா?’’ என்று முகம் சுளிக்கிற அப்பா, பேக்கரிக்குள் போய்ப் பிள்ளைக்கு கேக் வாங்கித் தருகிறார். கேக்கின் தலையில் சிவப்பாக உட்கார்ந்திருக்கிறதே ஒரு ‘செர்ரி’? நம் நாட்டு பேக்கரிகளில் அது பெரும்பாலும் என்ன தெரியுமா? களாக்காய்! விதையை எடுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். சொந்தப் பேரில் வந்தால் சாக்கில் உட்கார வேண்டும். பேரை மாற்றிக்கொண்டால் கேக் மேல் ஏறலாம்.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. களாவுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு அக்கா இருக்கிறாள். நட்டால் பிளம் என்று பெயர். அதிலிருந்து குட்டையாக, அடர்த்தியாக வளர்கிற அலங்கார ரகங்களைப் பொறுக்கியெடுத்து, கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் வீட்டு வாசலில் வேலியாகவும் தொட்டிச் செடியாகவும் வைக்கிறார்கள். ‘பாக்ஸ்வுட் பியூட்டி’ என்று முள் இல்லாத ரகம்கூட உண்டு. அவன் வாசலில் களாவின் அக்கா. நம் மாடியில் அவன் ஊர்ப் பனிப் புதர், அதுவும் செத்த நிலையில்!

அதற்காக புளூபெர்ரியை அந்நியச் சனியன் என்று திட்டுகிற கட்சி இல்லை நான். மிளகாய் அந்நியம், நிலக்கடலை அந்நியம், கொடுக்காப்புளியும் கடல் தாண்டி வந்ததுதான். அவையெல்லாம் வந்தன, இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டன, நம் பிள்ளைகள் ஆயின. புளூபெர்ரியின் சொந்தக்காரச் செடிகளே நீலகிரி, பழநி மலைச் சோலைகளில் காடாக இருக்கின்றன. அங்கே மண்ணும் புளித்த மண், குளிரும் உண்டு. கொடைக்கானல்காரர் புளூபெர்ரி வைத்தால் நானே போய்ப் பழம் பறித்துத் தின்பேன். அருப்புக்கோட்டைக்காரர் வைத்தால் இழவுக்குத்தான் போக வேண்டும்.

என் சண்டை ‘தரிசு’ என்கிற அந்த வார்த்தையோடு. கணக்கில் தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே நிற்பதெல்லாம் குப்பை. யார் வேண்டுமானாலும் சீவலாம். 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊரெல்லாம் ஜேசிபி இறங்கியது. சீமைக்கருவேலம் போக வேண்டியதுதான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால், ஜேசிபிக்கு எது கருவேலம், எது களா, எது காரை, எது சூரை என்று தெரியுமா? வாளியை இறக்கினால் எல்லாம் ஒரே கும்பல். பக்கத்துக் கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் சூரிய மின்நிலையம் வந்தது. கரன்ட் வேண்டாம் என்று யார் சொன்னது? அப்படி நிலத்தை வளைக்கும் முன்னால், அங்கே என்ன புதர் இருந்தது, அதில் யார் பழம் பறித்துப் பிழைத்தார்கள் என்று ஒரு பட்டியல் போட நம் சட்ட திட்டத்தில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

சங்கப் பாட்டுக்காரனுக்குத் தோன்றியது. புறநானூற்றில் 177-ம் பாட்டு, ஆவூர் மூலங்கிழார் பாடியது. புளிப்பு கேட்கிற நாக்கோடு இருந்த ஆண்கள், களாவையும் துடரியையும் தின்று அலுத்துப்போய், ஆற்று மணல் மேட்டில் ஏறி நாவல் பழம் கொய்து தின்கிறார்களாம். பாட்டு யாரைப் பற்றி? மல்லிகிழான் காரியாதி. அந்த மல்லி, நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மல்லிதான் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். ஆக, விருதுநகர் மாவட்டத்தின் களாவுக்கு ரெண்டாயிரம் வருஷத்து அத்தாட்சி இருக்கிறது. பாஸ்போர்ட்தான் இல்லை!

யாராவது ஏதாவது செய்தால் நடக்கும் காரியம்தான் இது. உத்தராகண்டில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் களாவில் பொறுக்கியெடுத்து பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்று மூன்று ரகம் விட்டது. கொங்கணத்தில் தபோலி வேளாண் பல்கலைக்கழகம் ‘கொங்கண் போல்ட்’ விட்டது. நம் அருப்புக்கோட்டைக்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் கோவிலாங்குளத்தில் இருக்கிறது. மானாவாரி சீதாப்பழத்தில் ஏ.பி.கே. 1 என்று ரகம் கொடுத்த பெருமை அதற்கு உண்டு. ஏ.பி.கே. என்றால் வேறொன்றுமில்லை, அருப்புக்கோட்டையேதான். சீதாவுக்குச் செய்தவர்கள் களாவுக்குச் செய்ய மாட்டார்களா? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். ஆடு மேய்க்கிறவரையும், சாக்கு விரித்த பாட்டியையும் கூப்பிட்டு, ‘எந்த ஓடைக்கரையில் பழம் பெரிசு? எந்தப் புதரில் முள் கம்மி? எது இனிப்பு?’ என்று கேட்க வேண்டும். கேட்டதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பிறகு பேர் வைக்கும்போது பாட்டி பேரை வைக்க வேண்டும். டைரக்டர் பேரை அல்ல!

‘‘முள்ளு குத்துமே சார், வீட்ல பிள்ளைக இருக்கு’’ என்றார் டீச்சரம்மா. வாசலில் ரெண்டு ரோஜாத் தொட்டி வைத்திருந்தார், அதைக் காட்டினேன். சிரித்துவிட்டார். ‘‘புளிக்குமே?’’ என்றார். கறுத்துப் பழுக்கும் வரை காத்திருந்தால் இனிப்பும் சேரும். அதுவரை பொறுக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஊறுகாய்.

வைக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப சிம்பிள். ஒன்றரை அடி அகலத்தில் மண் தொட்டியோ சிமென்ட் தொட்டியோ எடுங்கள். அடியில் ஓட்டை முக்கியம். வெறும் கரிசலை அள்ளிப் போடாதீர்கள். ஈரத்தில் களியாகி, வெயிலில் வெடிக்கும். செம்மண், மணல், மக்கின தொழு உரம் மூன்றையும் கலந்து போட்டால் போதும். கந்தகம் வேண்டாம், வெளிநாட்டுப் பாசி வேண்டாம், போர்த் தண்ணீரே ஊற்றலாம். வேர் பிடிக்கும் வரை அடிக்கடி ஊற்றுங்கள். அப்புறம் கோடையில்கூட மண் மேலே காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், அதிகம் ஊற்றினால்தான் கெடும். நாள் முழுக்க வெயில் படட்டும். காய்ப்பு முடிந்ததும் நுனியைக் கத்தரித்தால் பந்து மாதிரி அடர்த்தியாக நிற்கும். விதைக் கன்று மூன்றாம் வருஷம் வாக்கில் காய்க்கும். அவசரக்காரர்கள் மழைக்காலத்தில் விண் பதியம் போட்டுப் பார்க்கலாம். கிள்ளினால் பால் வரும், கையில் ஒட்டும், எண்ணெய் தடவிக் கழுவினால் போய்விடும்.

விதையில் மட்டும் ஒரு ஜாக்கிரதை. களா விதைக்கு ஆயுசு கம்மி. கறுத்த பழத்தைப் பிதுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, நாலைந்து நாளுக்குள் ஊன்றிவிட வேண்டும். கவரில் போட்டு, போட்டோ ஒட்டி, ஆறு மாசம் கழித்து விற்கிற சரக்கு இல்லை அது. ஆன்லைன்காரர்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

வைகாசி, ஆனி, ஆடி... பழம் கிடைக்கிற மாசங்கள். பாட்டியிடம் பத்து ரூபாய்க்கு வாங்கினால் ஒரு தெருவுக்கே கன்று போடலாம். எந்த ஓடைக்கரைப் பழம் என்று கேட்டு, தொட்டி மேல் எழுதி வையுங்கள். பெரிய பழம் எது என்று பார்க்க அந்த ஓட்டைத் தகடு வேண்டுமானால், அருப்புக்கோட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கேளுங்கள். டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.